பிள்ளைகள் சொன்னால் பூதம் கேட்குமா?

சிறுவர் பாட்டு நாடகம்: வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியவை. மூன்று வயது முதல் எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் போடும் பாட்டு நாடகம். அதிலும், பார்க்க வந்த பிள்ளைகளும் சேர்ந்து பாடி, கை தட்டி, கதைக்குள் நுழைந்துவிடும் நாடகம்.

கே: நாடகத்துக்குக் கூட்டிப்போன என் நான்கு வயது மகன், நரி வந்ததும் எழுந்து நின்று "ஆட்டுக்குட்டி, ஓடு! பின்னாடி நரி!" என்று கத்திவிட்டான். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த முறை அடக்கிவைக்கட்டுமா? (ஓர் அம்மா, தேனி)

ப: வேண்டாம். அந்த அரங்கத்தில் ஆட்டுக்குட்டிக்காக முதலில் பதறியவன் அவன். நான்கு வயதில் 'இது வேஷம்' என்ற அறிவும் உண்டு, 'ஆட்டுக்குட்டி செத்துப்போய்விடும்' என்ற பயமும் உண்டு. இரண்டும் ஒரே நெஞ்சில் சண்டையில்லாமல் குடியிருக்கும் வயது அது. நான் கேட்க நினைப்பது வேறு. உங்கள் மகன் கத்தியபோது மேடையில் இருந்த ஆட்டுக்குட்டி திரும்பிப் பார்த்ததா? பார்த்திருந்தால், நல்ல நாடகத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறீர்கள். பார்க்காமல் மனப்பாடமான வசனத்தைத் தொடர்ந்திருந்தால், பாடம் கற்க வேண்டியவர் அந்த நடிகர்.

கே: பார்வையாளர்களோடு பேசுகிற நாடகம் மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கம்தானே? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

ப: திருநெல்வேலியில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா! உங்கள் ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேளுங்கள். பாட்டுக்காரர் ஒரு வரி சொல்வார், பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவார். அந்த 'ஆமா' இல்லாமல் கதை ஓர் அடி நகராது. கேட்டுக்கொண்டிருக்கும் சிறுசுகள் கொஞ்ச நேரத்தில் தாங்களும் 'ஆமா' போடத் தொடங்கிவிடும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

வடக்கே போனால் தெருக்கூத்தில் கட்டியங்காரன். ராஜாவை அறிமுகம் செய்வான், ராஜாவையே கேலி செய்வான், கூட்டத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பான், முன்வரிசையில் தூங்கும் பையனைத் தட்டி எழுப்புவான். தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இருக்கிறார்கள். ராமாயணம் நடக்கும்போது நடுவில் நுழைந்து அந்த ஊர்ச் சங்கதியைப் பேசுவார்கள். ராமனும் சீதையும் பெரியவர்களுக்கு. உச்சிக்குடும்பன் பிள்ளைகளின் சொத்து. இவற்றையெல்லாம் குமரி மாவட்டத்துக் கலைகளை ஆராய்ந்த அ. கா. பெருமாள் விரிவாக எழுதியிருக்கிறார், தேடிப் படியுங்கள்.

இங்கிலாந்திலும் இதற்கு ஒரு பெரிய மரபு உண்டு. கிறிஸ்துமஸ் காலத்தில் போடும் பாண்டோமைம். வில்லன் வந்தால் அரங்கமே 'ஊ' என்று கூச்சலிடும். நாயகன் பின்னால் பேய் நின்றால் மொத்தப் பிள்ளைகளும் எச்சரிப்பார்கள். அவன் திரும்பும்போது பேயும் சேர்ந்து சுற்றிவிடும். 'இருக்கிறது', 'இல்லை' என்று மேடையும் அரங்கமும் மாறி மாறி வாதாடும். அவர்கள் அதை விடாமல் ஆண்டுதோறும் போட்டு, குடும்பத்தோடு பார்க்கும் வழக்கமாக நிலைநிறுத்தினார்கள். நாம் நம்முடையதைக் கோயில் கொடையோடு நிறுத்திவிட்டோம். வருத்தம் எனக்கு அதில்தான்.

கே: பிள்ளைகள் கை தட்டினால்தான் கதை நகரும் என்று முதலில் துணிந்து எழுதியவர் யார்? (நூலகர், தஞ்சாவூர்)

ப: முதலில் எழுதியவர் யார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் துணிவு என்றால் ஜே. எம். பாரியின் 'பீட்டர் பான்'தான். 1904 டிசம்பர் 27, லண்டன் டியூக் ஆஃப் யார்க் தியேட்டரில் முதல் காட்சி. அதில் டிங்கர் பெல் என்றொரு குட்டித் தேவதை. அவளுக்கு நடிகையே கிடையாது. மேடையில் துள்ளித் திரியும் ஒரு வெளிச்சப் புள்ளி, பேச்சுக்குப் பதில் மணிச் சத்தம், அவ்வளவுதான். பீட்டருக்கு வைத்த நஞ்சை அவள் குடித்துவிடுகிறாள். வெளிச்சம் மங்குகிறது. பீட்டர் கதையை விட்டு வெளியே வந்து அரங்கத்தைப் பார்த்து, தேவதைகள் உண்டு என்று நம்புகிறவர்கள் கை தட்டுங்கள் என்று கெஞ்சுகிறான்.

யோசித்துப் பாருங்கள், யாரும் தட்டாவிட்டால்? நாடகம் அங்கேயே படுத்துவிடும். முதல் நாள் வந்திருந்த கூட்டத்தில் பெரியவர்களே அதிகம். பாரிக்கு உதறல். கைத்தட்டல் எழாவிட்டால் வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு நீங்கள் தட்டுங்கள் என்று இசைக்குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். அந்த ஏற்பாடு தேவைப்படவில்லை. கைத்தட்டல் அப்படிக் கிளம்பியதில், பீட்டராக நடித்த நீனா பூசிகோ மேடையிலேயே அழுதுவிட்டார் என்பது நாடக வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி.

நூறு ஆண்டு தாண்டியும் அந்த இடம் வேலை செய்வதற்குக் காரணம் எளியது. பிள்ளையின் கையில் ஓர் உயிர் கொடுக்கப்படுகிறது. தட்டினால் வெளிச்சம் உயரும், அதைக் கண்ணால் பார்க்கலாம். தான் செய்ததால் ஒன்று நடந்தது என்று மூன்று வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். இந்த நாடகத்தின் உரிமையை 1929-இல் பாரி லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார். கை தட்டி ஒரு தேவதையைப் பிழைக்கவைத்த பிள்ளைகளின் டிக்கெட் காசு, நோயில் கிடந்த பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

கே: பூதம் நிஜமா? (ஒன்றாம் வகுப்பு மாணவி, புதுச்சேரி)

ப: நாடகம் நடக்கும்போது நிஜம், கண்ணம்மா. நாடகம் முடிந்ததும் பூதத்துக்குப் பசிக்கும். வேஷத்தைக் கழற்றிவிட்டு இட்லி சாப்பிடப் போய்விடும். நேரில் பார்க்க வேண்டுமானால் அம்மாவிடம் சொல்லி மேடைக்குப் பின்னால் போ. பூதத்தின் பல்லைத் தொட்டுப் பார்க்கக் கேள்.

கே: பிள்ளைகளை எதையெல்லாம் செய்யச் சொல்லக் கூடாது? (நாடகக் குழு உறுப்பினர், மதுரை)

ப: வீட்டில் தனியாகச் செய்து பார்த்தால் அடிபடும் எதையும். 'பீட்டர் பான்' வந்த புதிதில், மகிழ்ச்சியான நினைவு இருந்தால் போதும், பறக்கலாம் என்று மேடையில் சொன்னார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கட்டிலிலிருந்து பறந்தார்கள். அடிபட்டு மருத்துவரிடம் போனார்கள். பெற்றோர் பாரியிடம் முறையிட்டார்கள். உடம்பில் தேவதைத் தூள் தூவினால்தான் பறக்க முடியும் என்று அவர் ஒரு விதியைச் சேர்த்தார். தூள் வீட்டில் கிடைக்காது, கட்டில் பிழைத்தது. பின்னாளில் அச்சான நாடகத்தின் முன்னுரையில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. ஒரே ஒரு பிள்ளையை மேடைக்குக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டவுடன் ஒரு பிள்ளை கூச்சத்தில் நெளியும், மீதி அத்தனை பேரும் 'என்னைக் கூப்பிடலையே' என்று வாடிப்போவார்கள். கதைக்கு ஆள் தேவையென்றால் மொத்த அரங்கத்தையும் காடாக மாற்றுங்கள், கடலாக மாற்றுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே எல்லோரும் மரமாகலாம்.

கே: "கேட்கலையே... இன்னும் சத்தமா! இன்னும் சத்தமா!" என்று நடிகர்கள் கேட்கிறார்கள். பிள்ளைகளும் கத்துகிறார்கள். இதுதான் நீங்கள் சொல்லும் பங்கேற்பா? (தொடக்கப் பள்ளி ஆசிரியை, அறந்தாங்கி)

ப: நல்ல கேள்வி, கூர்மையான கேள்வி. இல்லை, இது பங்கேற்பு ஆகாது. நடிகருக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது. கேட்கவில்லை என்று பொய் சொல்கிறார். பிள்ளைகளுக்கும் அது பொய் என்று தெரியும். ஒரு தடவை விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள். மூன்றாம் தடவை தொண்டை மட்டும் வேலை செய்யும், மனம் வெளியே போய்விடும்.

என் உறுதியான எண்ணம் இது: பிள்ளையின் குரலுக்கு மேடையில் விளைவு இருக்க வேண்டும். விளைவு இல்லாத இடத்தில் கேள்வியே கேட்காதீர்கள். "இடப்பக்கம் போகட்டுமா, வலப்பக்கம் போகட்டுமா?" என்று முயல் கேட்டால், இரண்டு பக்கமும் போவதற்கு நடிகர்கள் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். பிள்ளைகள் எதைச் சொன்னாலும் எழுதிவைத்தபடி வலப்பக்கமே போகும் முயலை அவர்கள் மன்னிக்க மாட்டார்கள். கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள், முயலோடு பேசுவதை நிறுத்திவிடுவார்கள். அதுதான் பெரிய தண்டனை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பூதம் தூங்குகிறது. அதன் தலைமாட்டில் சாவி. குட்டிப் பெண் அதை எடுக்க வேண்டும். பிள்ளைகள் தாலாட்டுப் பாட வேண்டும்; பாட்டு மெதுவாக இருந்தால் பூதம் குறட்டை விடும், சத்தம் ஏறினால் புரண்டு படுக்கும், இன்னும் ஏறினால் ஒரு கண்ணைத் திறக்கும். இதை நிஜமாக நடத்துங்கள். மத்தளக்காரர் மேடையைப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளையே பார்க்கட்டும். அவர்கள் சத்தத்துக்கு ஏற்ப அவர் அடி கொடுக்க, அந்த அடிக்கு ஏற்ப பூதம் அசையும். இரண்டு நிமிடத்தில் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்: 'பூதத்தை ஆட்டிவைப்பது நாம்தான்!' அப்புறம் பாருங்கள், முந்நூறு பிள்ளைகள் கிசுகிசுத்துப் பாடும் பாட்டை. இன்னும் சத்தமா என்று கேட்க வேண்டிய அவசியமே வராது.

கே: ஆனால் கதை ஒன்றுதானே? முடிவைப் பிள்ளைகள் மாற்றிவிட்டால்? (நாடக ஆர்வலர், கோவை)

ப: முடிவை மாற்றும் அதிகாரம் தர வேண்டியதில்லை. வழியை மாற்றும் அதிகாரம் போதும். சாவி கடைசியில் கிடைக்கத்தான் போகிறது. முதல் முயற்சியிலா, மூன்றாம் முயற்சியிலா என்பது அவர்கள் கையில்.

கே: அரங்கத்தில் எத்தனை பிள்ளைகள் இருக்கலாம்? எவ்வளவு நேரம்? (தலைமையாசிரியர், பெரம்பலூர்)

ப: பிரயன் வே என்ற ஆங்கில நாடகக்காரர் 1953-இல் லண்டனில் தியேட்டர் சென்டர் என்ற அமைப்பைத் தொடங்கி, பள்ளி பள்ளியாக நாடகம் கொண்டுபோனார். பிள்ளைகள் வட்டமாகத் தரையில் உட்கார்வார்கள், நடுவில் நாடகம். கூட்டம் சுமார் 200-க்கு மேல் போக வேண்டாம் என்பது அவர் கொள்கை. அதற்கு மேல் போனால் நடிகரால் முகங்களைப் பார்க்க முடியாது, கூட்டத்தைத்தான் பார்க்க முடியும். முந்நூறு வரை சமாளிக்கலாம் என்பது என் கணக்கு. உங்கள் பள்ளியில் அறுநூறு பிள்ளைகள் என்றால் இரண்டு காட்சி போடச் சொல்லுங்கள். குழுவுக்கு இரண்டு காட்சிக்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள்.

நேரம்: மூன்று முதல் ஐந்து வயது வரை என்றால் நாற்பது நிமிடம் தாண்டாதீர்கள். ஆறு, ஏழு, எட்டு வயதுக்கு ஒரு மணி. நாற்காலி வேண்டாம், ஜமுக்காளம் விரியுங்கள். சின்னப் பிள்ளைகள் முன்னால். முழு இருட்டு வேண்டவே வேண்டாம். தொடங்கும் முன் எல்லோரையும் ஒன்றுக்குப் போய்வரச் சொல்லுங்கள். இதைச் சொல்ல மறந்து எத்தனையோ நல்ல நாடகங்கள் பாதியில் கலைந்திருக்கின்றன.

கே: பாட்டை ஸ்டூடியோவில் பதிவு செய்து ஸ்பீக்கரில் போடுகிறோம். தரம் நன்றாக இருக்கிறது. நேரடி வாத்தியம் அவசியமா? (நாடகக் குழு, சேலம்)

ப: அவசியம். பதிவான பாட்டுக்குக் காது இல்லை. பிள்ளைகள் சிரித்து முடிக்கும் வரை அது காத்திருக்காது, இன்னொரு முறை கேட்டால் திரும்பப் பாடாது, அழும் குழந்தைக்காகத் தணியாது. லட்ச ரூபாய் செலவழித்துப் பத்து வாத்தியம் பதிவு செய்வதைவிட ஒரு கஞ்சிரா, ஓர் ஆர்மோனியம், குரல் உள்ள ஒருவர் போதும்.

சுருதியைக் கவனியுங்கள். நம் குழுக்களில் பெரும்பாலும் ஆண்கள் தங்களுக்கு வசதியான சுருதியில் பாட்டைக் கட்டிவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளால் அந்த அடிக்கு இறங்க முடியாது; பாடுவதை விட்டுவிட்டுப் பேச்சுக் குரலில் கத்துவார்கள். நாம் 'பிள்ளைகளுக்குச் சுருதி சேரவில்லை' என்கிறோம். சேராதது நம் கணக்கு. பெண் குரலில் இரண்டு கட்டை வைத்து, ஆதார ஸ-விலிருந்து ப வரைக்குள் மெட்டு நின்றால் நான்கு வயதுப் பிள்ளையும் சேர்ந்துகொள்ளும். பிள்ளைகள் பாட வேண்டிய வரி நான்கு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. தலைவர் ஒரு தடவை பாடுவார், அவர்கள் திரும்பப் பாடுவார்கள். மூன்றாம் சுற்றில் தலைவர் வாயை மூடிவிட வேண்டும். நடை என்றால் கும்மியின் திஸ்ரம் இருக்கவே இருக்கிறது. அந்த நடையைக் கேட்டதும் கை தானாகத் தட்டும்.

தவிலும் பறையும் எனக்கு உயிர். ஆனால் மூடிய அறையில், மூன்று வயதுப் பிள்ளைக்கு ஐந்தடி தூரத்தில் வேண்டாம். திறந்த மைதானத்தில் அடியுங்கள்.

கே: புரோகோஃபியேவின் 'பீட்டரும் ஓநாயும்' போல நம் வாத்தியங்களில் செய்ய முடியுமா? (இசை ஆசிரியை, சென்னை)

ப: கட்டாயம் செய்ய வேண்டும். அது 1936-இல் மாஸ்கோவில் பிறந்த படைப்பு. சிறுவர் நாடகத்துக்காகவே வாழ்ந்த நத்தாலியா சாட்ஸ் என்ற பெண்மணி கேட்டுக்கொண்டதால் புரோகோஃபியேவ் எழுதினார். குருவிக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்கு பஸூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன், பீட்டருக்குத் தந்தி வாத்தியங்கள். கதை தொடங்கும் முன்பே ஒவ்வொரு வாத்தியத்தையும் வாசித்துக் காட்டிவிடுவார்கள். அதனால் ஓநாய் வருவதை முதலில் காதுதான் கண்டுபிடிக்கும்.

நம்மிடம் குருவிக்குப் புல்லாங்குழல் அப்படியே இருக்கிறது. வாத்துக்கு முகவீணை. தாத்தாவுக்குக் கடத்தின் கனத்த அடி. ஓநாய்க்கு உறுமியை விட்டால் வேறென்ன? அந்தப் பெயரிலேயே பாதி வேலை முடிந்தது. ஒரு யோசனையும் சொல்கிறேன். எந்த வாத்தியம் எந்த விலங்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். வாசித்துக் காட்டி, "இது யாரா இருக்கும்?" என்று கேளுங்கள். அவர்கள் உறுமிக்கு யானை என்று சொன்னால் அன்றைய காட்சியில் அது யானைதான். அதற்குத் தயாராக ஒரு தும்பிக்கையைப் பையில் வைத்திருங்கள்.

கே: என் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை, கை தட்டவில்லை, பாடவில்லை. உர்ரென்று உட்கார்ந்திருந்தாள். காசு வீணா? (ஓர் அப்பா, ஓசூர்)

ப: வீட்டுக்கு வந்து மூன்று நாளுக்குள் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து மொத்த நாடகத்தையும் ஒற்றை ஆளாகப் போட்டிருப்பாளே? கவனித்தீர்களா? சில பிள்ளைகள் வாயால் பங்கேற்பார்கள், சில பிள்ளைகள் கண்ணால். "கை தட்டு, பாடு" என்று பக்கத்தில் இருந்து இடிக்காதீர்கள். நடிகர்களுக்கும் இதையே சொல்வேன். பேசாத பிள்ளையிடம் மைக்கை நீட்டாதீர்கள்.

கே: பூதம் வந்ததும் பாதிப் பிள்ளைகள் அழுதுவிடுகிறார்கள். பூதத்தையே எடுத்துவிடலாமா? (பாலர் பள்ளி நிர்வாகி, நாகர்கோவில்)

ப: பூதம் இருக்கட்டும். அது எப்படி வருகிறது என்பதை மாற்றுங்கள். முகமூடியை ஒளித்துவைத்துத் திடீரென்று காட்டாமல், நடிகர் வெறும் முகத்தோடு வந்து பிள்ளைகளிடம் பேசி, "நான் இப்போ பூதமாகப் போறேன், கொம்பைக் கட்டிவிடுறீங்களா?" என்று கேட்டு, அவர்கள் கண் முன்னால் வேஷம் கட்டட்டும். பூதத்தைச் செய்தவர்கள் அவர்கள் என்று ஆகிவிட்டால் பயம் கையடக்கமாகிவிடும். இன்னும் அழுகிற பிள்ளையை அம்மா வெளியே தூக்கிப் போகட்டும், வாசலருகே நின்று பார்க்கட்டும், பிடித்தால் திரும்பி வரட்டும். பயமே இல்லாத கதையில் பிள்ளைகளுக்குச் செய்ய வேலை இல்லை. யாரைக் காப்பாற்றுவது?

கே: சிறுவர் நாடகத்தில் சிறுவர்கள் நடிக்க வேண்டுமா, பெரியவர்களா? (வாசகி, ஈரோடு)

ப: பிள்ளைகள் நடிக்கும் நாடகம் ஒன்று, பிள்ளைகளுக்கான நாடகம் இன்னொன்று. நம் ஊரில் இந்தக் குழப்பம் பழையது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள்தான் நடிகர்கள், பார்த்தவர்கள் பெரியவர்கள். அற்புதமான பாடகர்களும் நடிகர்களும் அங்கிருந்து வந்தார்கள். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அங்கே எதுவும் இல்லை.

பார்ப்பவர்கள் சின்னப் பிள்ளைகள், அவர்கள் எந்த நேரத்திலும் குறுக்கே பேசலாம் என்றால், மேடையில் தேர்ந்த பெரியவர்கள் வேண்டும். பெர்லினில் ஃபோல்கர் லுட்விக் 1960-களில் தொடங்கி வளர்த்த கிரிப்ஸ் தியேட்டரில் பெரியவர்கள்தான் பிள்ளைகளாக நடிக்கிறார்கள். கதைகள் ராஜா ராணி கிடையாது. அண்டை வீட்டுச் சண்டை, அப்பா அம்மாவின் அவசரம், பள்ளிக்கூடப் பயம். நடுநடுவே பாட்டு. அதை மோகன் ஆகாஷே 1980-களில் புனேவுக்குக் கொண்டுவந்தார். மராத்திப் பிள்ளைகள் தங்கள் வீட்டையே மேடையில் பார்த்தார்கள். தாடி முளைத்த நடிகர் அரை டவுசரோடு வந்தால் ஒரு நிமிடம் சிரிப்பார்கள், இரண்டாம் நிமிடம் அவரை நண்பனாக ஏற்றுக்கொள்வார்கள்.

நம் பக்கத்தில் புதுச்சேரியின் வேலு சரவணனைப் பாருங்கள். பல ஆண்டுகளாக ஊர் ஊராகப் பள்ளிகளில் சிறுவர் நாடகம் போட்டுவருபவர். 'கடல் பூதம்' பார்த்த பிள்ளைகள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாடக உலகில் அதைவிடப் பெரிய பட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

கே: யாழ்ப்பாணத்திலும் இந்த முயற்சிகள் நடந்தன. அவற்றைப் பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள். (ஓய்வு பெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்)

ப: ஒரு வரி போதாது ஐயா. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978-இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியவர். 'கூடி விளையாடு பாப்பா' எழுதியவர். சி. மௌனகுரு 'தப்பி வந்த தாடி ஆடு' எழுதினார். தமிழில் பிள்ளைகளுக்கான பாட்டு நாடகம் என்பதை ஒரு தனிக் கலையாக எடுத்துக்கொண்டு, நாட்டுக்கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் அதற்குள் கொண்டுவந்ததில் ஈழத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகள் இந்தப் பிரதிகளை எடுத்துப் போட வேண்டும். புதிதாக எழுத ஆள் இல்லை என்று புலம்புகிறவர்கள் எழுதிவைத்திருப்பதை முதலில் படிக்கட்டும்.

கே: சிறுவர் நாடகத்துக்கென்று உலக நாள் உண்டா? (எட்டாம் வகுப்பு மாணவன், விருதுநகர்)

ப: உண்டு தம்பி. மார்ச் 20. 1965-இல் தொடங்கிய அசிடெஜ் என்ற உலக அமைப்பு அந்த நாளைக் கொண்டாடுகிறது. உலக நாடக நாள் மார்ச் 27. ஒரு வாரம் முன்னால் உங்கள் நாள் வருகிறது, முறை சரிதான்.

கே: முடிவில் நீதி சொல்ல வேண்டாமா? (தமிழாசிரியர், திண்டுக்கல்)

ப: நாற்பது நிமிடம் ஓர் ஆட்டுக்குட்டியைக் காப்பாற்றப் பாடிய பிள்ளைக்கு, பிற உயிரிடம் அன்பு காட்டு என்று இன்னொரு முறை சொல்ல வேண்டுமா ஐயா?

கே: செல்போனில், டிவியில் இதே மாதிரி 'சொல்லுங்க பார்க்கலாம்' என்று பிள்ளைகளிடம் கேட்கும் நிகழ்ச்சிகள் நிறைய. நாடகம் எதற்கு? (இளம் தாய், சிங்கப்பூர்)

ப: அவற்றில் சில நன்றாக யோசித்துச் செய்தவை. 1996-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ப்ளூஸ் க்ளூஸ்' கேள்வி கேட்டுவிட்டுப் பிள்ளை பதில் சொல்லும் வரை சில நொடி காத்திருக்கும். பிள்ளைகளிடம் முன்கூட்டிக் காட்டிப் பார்த்துத்தான் அந்த இடைவெளிகளை வைத்தார்கள். நான் மதிக்கும் உழைப்பு அது.

ஆனால் உங்கள் பிள்ளை பூனை என்று சொன்னாலும் விமானம் என்று சொன்னாலும், ஒன்றும் சொல்லாமல் தூங்கிவிட்டாலும், திரையில் இருப்பவர் "சபாஷ்" என்றுதான் சொல்வார். மேடையில் இருப்பவர் "விமானமா? எங்கே, காட்டு!" என்று மேலே பார்ப்பார். அதற்காகத்தான் நாடகம்.

கே: என் மகன் ஆட்டிசம் உள்ளவன். சத்தமும் வெளிச்சமும் தாங்க மாட்டான். ஆனால் பாட்டு என்றால் உயிர். அவனுக்கு இதில் இடம் உண்டா? (ஓர் அம்மா, திருச்சி)

ப: இடம் உண்டு, இல்லையென்றால் உண்டாக்க வேண்டும். நியூயார்க்கின் பிராட்வேயில் 2011-இல் 'லயன் கிங்' நாடகத்தை ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகவே ஒரு காட்சி போட்டார்கள். சத்தத்தைக் குறைத்தார்கள், கண்ணைக் கூசவைக்கும் வெட்டொளியை எடுத்தார்கள், வேண்டும்போது வெளியே போய் இளைப்பாற இடம் வைத்தார்கள். இப்போது பல நாடுகளில் இப்படிப்பட்ட காட்சிகள் நடக்கின்றன.

நம் குழுக்களுக்கு இதற்குப் பெரிய செலவு இல்லை. விளக்கை அணைக்காதீர்கள், ஸ்பீக்கரைத் தணியுங்கள், கதவைத் திறந்துவையுங்கள், எழுந்து நடக்கும் பிள்ளையை உட்கார் என்று சொல்லாதீர்கள். எந்த இடத்தில் சத்தம் வரும், எப்போது பூதம் வரும் என்பதைப் படமாக வரைந்து ஒரு நாள் முன்னால் பெற்றோரிடம் கொடுங்கள். அம்மா, உங்கள் ஊருக்கு வரும் குழுவிடம் இதைக் கேளுங்கள். தயங்கிக் கேட்க வேண்டாம், உரிமையோடு கேளுங்கள். மறுக்கும் குழு பிள்ளைகளுக்காக நாடகம் போடுகிறோம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

கே: ஒரு கட்டத்தில் எல்லாரும் கத்தத் தொடங்கி, அப்புறம் அடக்கவே முடியவில்லை. ஆசிரியைகள் பிரம்போடு எழுந்து வந்துவிட்டார்கள். என்ன செய்வது? (இளம் நடிகர், விழுப்புரம்)

ப: கத்தத் தொடங்கும் வழியைக் கதையில் வைத்தீர்கள், நிறுத்தும் வழியை வைக்கவில்லை. நாடகம் தொடங்கிய முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒரு விளையாட்டு விளையாடுங்கள். கஞ்சிரா ஒலிக்கும் வரை மழை பெய்யும், எல்லோரும் விரலால் தரையைத் தட்டுவோம். கஞ்சிரா நின்றால் மழையும் நிற்கும். மூன்று தடவை செய்து பார்த்துவிட்டால் பின்னால் எத்தனை பெரிய கூச்சலையும் அந்தக் கஞ்சிரா நிறுத்தும். "அமைதி! அமைதி!" என்று கத்துகிற நடிகர் கூச்சலில் இன்னொரு கூச்சலைச் சேர்க்கிறார். குரலைத் தாழ்த்துங்கள். கைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்.

ஆசிரியைகளிடம் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்: பிள்ளைகள் நடுவில் உட்காருங்கள், நீங்களும் பாடுங்கள், பிரம்பு அலுவலக அறையில் இருக்கட்டும். ஆசிரியை பாடுவதைப் பார்த்த பிள்ளை அன்று வீட்டில் முதலில் சொல்வது அந்தச் செய்தியாகத்தான் இருக்கும்.

கே: 'எண்ணும் எழுத்தும்' வகுப்புக்குப் பாட்டும் பொம்மையும் பயன்படுத்துகிறோம். அதையே ஒரு சின்ன நாடகமாக்க ஆசை. கையில் பணம் இல்லை, மூன்று வாரம் இருக்கிறது. எங்கே தொடங்க? (இரண்டாம் வகுப்பு ஆசிரியை, கல்வராயன்மலை)

ப: பாதி வழி வந்துவிட்டீர்கள். முதல் வாரம் பிள்ளைகளுக்கு ஒரு கதையைச் சொல்லுங்கள், எழுதாதீர்கள். உங்கள் மலையில் எல்லோருக்கும் தெரிந்த கதையாக இருக்கட்டும். சொல்லும்போது அவர்கள் எங்கே குறுக்கிடுகிறார்கள், எங்கே சிரிக்கிறார்கள், எங்கே "டீச்சர், வேணாம்" என்கிறார்கள் என்று குறித்துவையுங்கள். நாடகத்தில் பார்வையாளர்கள் பேச வேண்டிய இடங்கள் அவைதான். நீங்களாகப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம்.

இரண்டாம் வாரம் அந்த இடங்களுக்கு மட்டும் பாட்டுக் கட்டுங்கள். மூன்று பாட்டு போதும்: அழைக்க ஒன்று, எச்சரிக்க ஒன்று, தூங்கவைக்க ஒன்று. மெட்டு ஊரில் நடவுக்கும் கும்மிக்கும் பாடும் மெட்டாக இருந்தால் பாட்டிகளும் சேர்ந்துகொள்வார்கள். நீங்களும் இன்னொரு ஆசிரியையும் நடியுங்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாத்தியம் வாசிக்கட்டும். தகர டப்பா, தேங்காய்ச் சிரட்டை, கொட்டை போட்ட சுரைக்குடுக்கை.

மூன்றாம் வாரம் ஒத்திகை. ஆனால் காலி அறையில் செய்யாதீர்கள். தினம் ஐந்தாறு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்து நடித்துப் பாருங்கள். நீங்கள் கேட்கும் கேள்விக்கு அவர்கள் எதிர்பாராத பதில் சொல்வார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் மேடையில் என்ன நடக்கும் என்று அன்றே முடிவு செய்துவிடுங்கள். ஒரு பதிலுக்கு உங்களிடம் விளைவு இல்லையென்றால் அந்தக் கேள்வியை நாடகத்திலிருந்து எடுத்துவிடுங்கள். காட்சி எந்த நாள் என்று எனக்கு எழுதுங்கள். இடமிருந்தால் ஜமுக்காளத்தின் ஓரத்தில் நானும் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.